கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஹாபிட்டன் வரை: காகிதம், காசு, காலம்

இது யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகங்களையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்காமல் இருக்க முடியாதவர் நீங்கள். வீடு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எங்கேயோ. பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். வருமானம் தோப்பிலிருந்தோ மாட்டிலிருந்தோ ஒரு சின்னக் கடையிலிருந்தோ வருகிறது. நியூசிலாந்தில் அந்தப் படங்களை எடுத்த இடங்களை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. ஆனால் ‘நியூசிலாந்து விசாவா, நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்’ என்ற இடத்தில் அது நின்றுவிடுகிறது.

கிடைக்கும். நானும் சித்தி மகனும் இரண்டு நண்பர்களுமாகப் போய் வந்தோம். எங்களைப் படாத பாடு படுத்தியது பணத்தைவிடக் காகிதம்தான். கிடைக்கிற வழிகாட்டிகள் எல்லாமே மாதச் சம்பளமும் ஆபீஸ் லீவு லெட்டரும் உள்ளவர்களை மனசில் வைத்து எழுதியவை. தேங்காய் விற்ற காசை எப்படிக் காட்டுவது, கரம், அதாவது நில வரி, கட்டிய ரசீதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டணங்களை நியூசிலாந்து டாலரில் தருகிறேன். ஒரு டாலரை 50 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. கூட்டமும் அப்போதுதான், அறை வாடகையும் டிக்கெட்டும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். மலைப்பாதைகளில் பனி கிடக்கும், பனியில் நடந்து பழகாத நமக்கு அது சரிப்படாது.

என் பரிந்துரை மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. இலையுதிர் காலம். குளிர் தாங்குகிற அளவில் இருக்கும், பகலும் போதுமான நீளம். நம் பள்ளிக்கூடங்களுக்கு ஏப்ரலில் லீவு விட்டுவிடுவதால் ஆசிரியர் வேலையில் இருப்பவர்களும் கிளம்பலாம். ஆனால் அரசு வேலையில் இருந்தால் வெளிநாடு போகத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வர நாளாகும். மற்ற எதையும் தொடுவதற்கு முன் அந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

ஏப்ரலில் பயணம் என்றால் இப்படிப் பின்னோக்கி எண்ணுங்கள். விசா விண்ணப்பம் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி. காகிதங்கள் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள். பாஸ்போர்ட் ஆகஸ்டுக்குள் கையில். கோடைக்காக நவம்பர், டிசம்பரில் விண்ணப்பங்கள் குவியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் அலுவலகங்களும் மெதுவாகத்தான் ஓடும். மூன்று மாத இடைவெளி வைத்தால் நெஞ்சு படபடக்காமல் இருக்கலாம்.

2. பாஸ்போர்ட்டும், எல்லைக்காரர்களின் பெயர்ச் சிக்கலும்

நியூசிலாந்தை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம் ஆயுள் இருக்க வேண்டும். புதிதாக எடுப்பதானால் 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண வழியில் 1,500 ரூபாய், தட்கலில் அதற்கு மேல் 2,000. 2018 முதல் நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம், எனவே கோயம்புத்தூர் கிட்டத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். போலீஸ் விசாரணை மட்டும் நீங்கள் கொடுத்த முகவரிக்கு வரும்.

சிக்கல் பெயரில்தான். நம்மில் பலருக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயர் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை. அப்பா பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் பாங்கில் அதை ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு எழுதியிருப்பார்கள். கேரளத்து நிலக் காகிதத்தில் மலையாளத்தில் பழனிஸ்வாமி. அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது ‘இசட் எச்’ வந்து சேரும். எங்கேயோ உட்கார்ந்து கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்?

இதற்கு வழி இருக்கிறது. இரண்டு பெயருக்கும் உரியவர் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று தருகிறார்கள். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசுத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம், செலவும் பெரிதாக இல்லை. பெயர் வேறுபடுகிற எல்லாக் காகிதங்களின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். வில்லேஜ் ஆபீசர் நேரில் கூப்பிட்டால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வேலை சீக்கிரம் முடியும். ஆதாரையும் பாங்க் கணக்கையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

3. பணத்தைக் காட்டுவது

இதில்தான் பயமுறுத்தல் அதிகம். ‘பத்து லட்சம் கணக்கில் காட்டணும்’ என்று சொல்லி அதற்கு வட்டிக்குப் பணம் போட்டுத் தருகிற ஆட்கள்கூட இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விதி என்னவென்றால், தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆளுக்கு 1,000 டாலர் கையிருப்பு வேண்டும். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால் மாதத்துக்கு 400 டாலர் போதும். இது குறைந்தபட்சம். நடைமுறையில் டிக்கெட், வண்டி, அறை எல்லாவற்றுக்குமான மொத்தச் செலவையும் தாங்கும் தொகை கணக்கில் இருப்பதுதான் நம்பிக்கை தரும்.

எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று இரண்டு லட்சம் கணக்கில் விழுந்தால் கேள்வி வரும். நம் பக்கத்தில் தேங்காய் வியாபாரி ரொக்கமாகத்தான் கொடுப்பார். ஆறு மாதத்துக்கு முன்பே அவரிடம், “அண்ணா, இனிமே பாங்கில போட்டுருங்க” என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி வாங்கி வையுங்கள். பால் சொசைட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு அந்தப் பாஸ்புக் ஒரு வரம். சின்னத் தொகையானாலும் தவறாமல் வருகிற வருமானம் என்று அது தானே பேசும். சிட்டி, அதாவது ஏலச்சீட்டு, எடுத்த பணம் என்றால் சிட்டி பாஸ்புக்கின் நகலும், பணம் கொடுத்த ரசீதும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நம் ஆட்கள் பலர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்வதே கிடையாது. வரி இல்லாவிட்டாலும் அந்த வருமானத்தைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். இரண்டு மூன்று வருஷத்து ரிட்டர்ன் இருந்தால் கோப்பு நிமிர்ந்து நிற்கும். அடுத்த வருஷம் போகிற எண்ணம் இருந்தால் இந்த வருஷத்திலிருந்தே தொடங்குங்கள்.

நான் சேர்த்தவை: ஆறு மாத பாங்க் ஸ்டேட்மெண்ட், பிக்சட் டெபாசிட் ரசீது, ரிட்டர்ன், பால் சொசைட்டி பாஸ்புக், தேங்காய்ச் சீட்டுகள், அப்பா பெயரில் உள்ள நிலத்தின் கர ரசீது, நிலம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்டும் கைவசச் சான்று. கூடவே பெரிய வரவு ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, ‘இது இன்னாரிடமிருந்து, இதற்காக’ என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். அந்தப் பக்கம்தான் மொத்தக் கோப்பிலும் அதிகம் உழைத்தது என்று நினைக்கிறேன்.

4. மலையாளக் காகிதங்களும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஆதாரம் (நிலப் பத்திரம்), கைவசச் சான்று, ரேஷன் கார்டு, சொசைட்டி பாஸ்புக் என்று நமக்கு முக்கால்வாசியும் மலையாளம். தமிழ்நாட்டில் நிலமோ சொந்தமோ இருந்தால் தமிழ்க் காகிதமும் சேரும்.

நீங்களோ உங்கள் வீட்டு ஆட்களோ மொழிபெயர்க்கக் கூடாது. டிகிரி முடித்த தங்கை எவ்வளவு நன்றாக ஆங்கிலம் எழுதினாலும் சரி. விசா ஆலோசகர் செய்ததும் செல்லாது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பக்கத்துக்குச் சில நூறு ரூபாய் ஆகும். மலையாளத்துக்குப் பாலக்காடு, தமிழுக்குக் கோயம்புத்தூர் என்று இரண்டு பக்கம் அலைந்தோம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தால் அலைச்சல் பாதி.

கொடுப்பதற்கு முன் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை அவர் கையில் கொடுத்து, “பேரெல்லாம் இதுல இருக்கற மாதிரியே எழுதிருங்க” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மேலே சொன்ன பழனிசாமி மூன்றாவது ரூபம் எடுத்துவிடுவார்.

முப்பது வருஷத்து ஆதாரத்தை முழுக்க மொழிபெயர்க்கத் தேவையில்லை. நடப்பு வருஷக் கர ரசீதும் கைவசச் சான்றும் போதும். எல்லாவற்றையும் கொட்டினால் அதிகாரி எதைப் பார்ப்பார்?

5. விண்ணப்பம்

நியூசிலாந்து குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கி நீங்களே நிரப்பலாம். 2024 அக்டோபர் 1 முதல் பார்வையாளர் விசாவுக்கு 341 டாலர், அதோடு சர்வதேசப் பார்வையாளர் வரி ஆளுக்கு 100 டாலர். தனி ஆளுக்கு மொத்தம் 441, ஏறக்குறைய 22,000 அல்லது 23,000 ரூபாய். கட்டுவதற்கு முன் தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். விசா மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. நண்பர்கள் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டாம். ‘மெடிக்கல் எடுக்கணும்’ என்று யாராவது அனுப்பினால் போகாதீர்கள்.

இனி, பலரும் விழுகிற குழிகள்.

ஒன்று, ஏஜென்ட். நியூசிலாந்துச் சட்டப்படி விசா ஆலோசனை தருகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வக்கீல்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. உரிமம் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் பொதுவில் இருக்கிறது, தேடிப் பார்க்கலாம். ஊரில் போர்டு மாட்டிய ஓர் ஏஜென்சி எங்களிடம் ஆளுக்கு முப்பதாயிரம் கேட்டது. பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இரண்டு, விசா வேண்டாத நாட்டவர்களுக்கான மின்னணு அனுமதி. தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும், விலையும் குறைவு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது உதவாது.

மூன்று, பழைய மறுப்புகள். வளைகுடாவோ அமெரிக்காவோ எந்த நாடு எப்போது விசா மறுத்திருந்தாலும் கேட்கிற இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். மறுப்பு இருந்தால் அதை விளக்கலாம். மறைத்தது தெரிந்தால் விளக்க வழியே இல்லை.

அப்புறம், கடிதம். எதற்காக வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும். அக்ஷயாவில் ஸ்கேன் செய்து கொடுத்த தம்பி என் கடிதத்தைப் படித்துவிட்டு, “சினிமா எடுத்த எடத்தப் பாக்கப் போறோம்னு எழுதினா நம்புவாங்களாங்கண்ணா?” என்று கேட்டான். நம்புவார்கள். அதுதான் உண்மை, அதைவிடத் தெளிவான காரணம் வேறெதுவும் இல்லை. ‘சுற்றுலா’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட, இந்தத் தேதியில் மாட்டமாட்டா, இந்தத் தேதியில் டோங்கரிரோ, இந்தத் தேதியில் வெலிங்டன், இந்தக் காட்சி இங்கே எடுத்தது, அதனால் போகிறேன் என்று எழுதுங்கள். படத்தை நேசிக்கிறவர் எழுதுகிற திட்டத்தில் ஒரு துல்லியம் தானாக வரும், அதை யாரும் இரவல் வாங்க முடியாது. கடைசிப் பத்தியில் எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்பது: தோப்பு, மாடு, கடை, பெற்றோர், பிள்ளைகள் படிப்பு. நீங்கள் இல்லாத இரண்டு வாரம் மாட்டை யார் பார்ப்பார்கள் என்பதைக்கூட எழுதலாம், நான் எழுதினேன்.

மேலும் விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது மறுப்பு அல்ல. பதில் சொல்ல ஒரு கெடு கொடுத்திருப்பார்கள். அதற்குள் கேட்டதை மட்டும் அனுப்புங்கள். எங்களில் ஒருவனுக்கு ஒரு வரவைப் பற்றிக் கேட்டார்கள். சிட்டி ரசீதின் மொழிபெயர்ப்பை அனுப்பினான், விசா வந்தது. விசா மின்னஞ்சலில்தான் வரும், பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்ட மாட்டார்கள். இரண்டு அச்சுப் பிரதி எடுத்து வையுங்கள்.

6. டிக்கெட்

விசா வரும் முன் திருப்பித் தராத டிக்கெட் வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டமும் டிக்கெட் வாங்கப் போதுமான பணமும் இருந்தால் போதும்.

நமக்குப் பக்கம் கோயம்புத்தூர், அடுத்தது கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரி. இரண்டிலிருந்தும் சிங்கப்பூர் போய் அங்கிருந்து ஆக்லாந்து. சிங்கப்பூரிலிருந்து மட்டும் பத்து மணி நேரப் பறத்தல். போக வர ஆளுக்கு எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரை, மாதத்தைப் பொறுத்து ஆடும்.

முழுவதையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் சிங்கப்பூரில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கும் யாரும் பொறுப்பில்லை. ஆஸ்திரேலியா வழியாகப் போவதும் இப்படித்தான். விமானம் மாறுவதற்கே இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டும். விலை குறைவாகத் தெரிந்தாலும் சிட்னி, மெல்போர்ன் வழியை விட்டுவிடுங்கள்.

7. எந்தெந்த இடம், எந்த வரிசையில்

எல்லாவற்றையும் பார்க்க ஆசை வரும். இரண்டு தீவுகளிலும் சிதறிக் கிடக்கிறது, இரண்டு வாரத்தில் முடியாது. நாங்கள் தேர்ந்தெடுத்த வரிசை ஆக்லாந்து, மாட்டமாட்டா, டோங்கரிரோ, வெலிங்டன், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கிரைஸ்ட்சர்ச், பிறகு குயின்ஸ்டவுன். இதை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

வண்டி வாடகைக்கு எடுங்கள், பஸ்ஸை நம்பி இந்த இடங்களுக்குப் போக முடியாது. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள நம் லைசென்ஸ் செல்லும், அசல் கார்டைக் கையில் வையுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் வண்டி தர மாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலங்கள் நிறைய வரும். எந்தப் பக்கத்துக்கு முன்னுரிமை என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதை மதித்தே ஆக வேண்டும். ஹாரன் அடித்து வழி கேட்கிற ஊர் அல்ல அது.

*ஹாபிட்டன்.* படத்தில் ஹாபிட் என்கிற குள்ள மனிதர்கள் வாழ்கிற ஊர். ஆக்லாந்திலிருந்து இரண்டு மணி நேரம், மாட்டமாட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குள். இஷ்டத்துக்கு உள்ளே நடக்க முடியாது. நேரம் குறித்து முன்பதிவு செய்து, அவர்கள் பஸ்ஸில் ஏறி, வழிகாட்டியோடுதான். நபருக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். விசா வந்த அன்றே பதிவு செய்யுங்கள், காலை முதல் நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் மூன்று படங்களுக்காகப் போட்ட செட்டில் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது அடுத்த வரிசைப் படங்களுக்காக நிலையான பொருட்களால் மறுபடி கட்டியது. பில்போ என்ற ஹாபிட்டின் வீட்டுக்கு மேலே நிற்கிற ஓக் மரம் செயற்கை, இலை உட்பட. கீழே திடலில் பிறந்தநாள் விருந்து நடக்கிற அந்தப் பெரிய பைன் மரம் நிஜம். அதன் அடியில் போய் நில்லுங்கள். வட்டக் கதவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, வீட்டின் உட்புறக் காட்சிகளை வெலிங்டன் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். ஆனால் 2023 டிசம்பரிலிருந்து பேக்ஷாட் தெருவில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்க விடுகிறார்கள். கதவைத் திறந்து குனிந்து உள்ளே போனால் அடுப்படி, சரக்கறை, எழுதுமேசை. மேசை மேல் மை, காகிதம். கொடியில் துணி காய்கிறது, அதுவும் ஹாபிட் அளவில். தொட்டுப் பார்க்கலாம். எனக்கு அங்கே பேச்சு வரவில்லை, சித்தி மகன் அழுதுவிட்டான்.

*டோங்கரிரோ.* படத்தில் மவுண்ட் டூம் என்ற நெருப்பு மலையாக வருகிற நௌருஹோயி எரிமலை இங்கே. அடிவாரத்தைத் தாண்டிப் போகிற நடைபாதை சுமார் 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். நடக்க முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள், அதற்குக் காசில்லை. ஆரம்ப இடத்தில் நாள் முழுக்க வண்டி நிறுத்த விட மாட்டார்கள், ஷட்டில் பஸ் தனியாகப் பதிய வேண்டும். மலை உச்சிக்கு மட்டும் ஏறாதீர்கள். மாவோரி மக்களுக்கு அது புனிதமான சிகரம், ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவும் சரிவுக் காட்சிகளைப் பக்கத்து மலையான ருவாப்பேஹுவில்தான் எடுத்தது. வானிலை கெட்டால் ஷட்டிலே ஓடாது, அதனால் இங்கே ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். எங்களுக்கு அந்தக் கூடுதல் நாள்தான் கைகொடுத்தது.

*வெலிங்டன்.* மவுண்ட் விக்டோரியா ஊருக்குள்ளேயே இருக்கிற காடு, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹாபிட்கள் கறுப்புக் குதிரைக்காரனிடமிருந்து ஒளிகிற பாதை இதுதான். ஒளிந்த மரவேரைத் தேடாதீர்கள், அது படப்பிடிப்புக்காக வைத்தது. மிராமர் பகுதியில் படத்துக்கான ஆயுதங்களையும் கவசங்களையும் செய்த வேட்டா பட்டறை, சுற்றிப் பார்க்கப் பதிவு வேண்டும். முக்கால் மணி நேரத் தொலைவில் கைடோக்கே பூங்கா, படத்தில் எல்ஃப் மக்கள் வாழ்கிற ரிவெண்டெல். காட்டுக்கு நடுவே ஓர் எல்ஃப் வளைவு வைத்திருக்கிறார்கள். காலையில் போனால் கூட்டம் இருக்காது.

*மவுண்ட் சண்டே.* ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் ஹாபிட்டனைக்கூட விட்டுவிட்டு இதற்குப் போங்கள் என்பேன். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம், கடைசிப் பகுதி ஜல்லிச் சாலை. வண்டியின் ஒப்பந்தத்தில் ஜல்லிச் சாலைக்கு அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம். படத்தில் வருகிற எடோராஸ் நகரம் இதுதான். குதிரை வீரர்களின் பொன் மண்டபத்தைக் கட்டி, படம் முடிந்ததும் சுவடே இல்லாமல் பிரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு குன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பனி மூடிய மலைகள். ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். உச்சியில் அடிக்கிற காற்று ஆடி மாதத்தில் நம் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்று போலவே ஆளைத் தள்ளுகிறது. இயோவின் என்ற பெண் அந்த மண்டப வாசலில் நிற்க, கொடி பிய்த்துக்கொண்டு பறக்கிற காட்சி நினைவிருக்கிறதா? அந்தக் காற்று நிஜம். டிக்கெட் இல்லை, கடை இல்லை, கழிப்பறையையும் குடிதண்ணீரையும் வழியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு போங்கள்.

*தெற்கே மீதி.* டுவைசல் பக்கத்துப் புல்வெளியில்தான் படத்தின் பெரிய சண்டையான பெலன்னார் போர். தனியார் நிலம், டூரில் சேர்ந்தால்தான் உள்ளே போக முடியும். குயின்ஸ்டவுனிலிருந்து முக்கால் மணி நேரத்தில் கிளெனார்க்கி, படத்தின் ஐசன்கார்டு கோட்டையும் லோத்லோரியன் காடும் அந்தப் பக்கம். ஏரியை ஒட்டிய அந்தச் சாலையில் வண்டி ஓட்டினாலே போதும்.

நான்கு பேர் வண்டியையும் அறையையும் பகிர்ந்து, காலையும் இரவும் விடுதிச் சமையலறையில் நாமே சமைத்தால் விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று லட்சத்துக்குள் இரண்டு வாரம் முடிக்கலாம். தனி ஆள் என்றால் வண்டிச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

8. பெட்டி: தோப்புக்காரர்கள் கவனிக்க வேண்டியது

விமானம் ஏறுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பயணி அறிவிப்பை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அதில் கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா, கால்நடையோடு புழங்கினீர்களா என்ற கேள்வி வரும். மாடு கறக்கிற வீட்டில் இதற்கு ‘ஆமாம்’ என்பதுதான் பதில். பயந்து ‘இல்லை’ போடாதீர்கள். ‘ஆமாம்’ போட்டதால் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆக்லாந்தில் என்னைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். ஓர் அம்மா என் ஷூவைக் கவிழ்த்து, அடிப்பக்கப் பள்ளங்களில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். இடது ஷூவில் கடுகளவு செம்மண் இருந்தது. அதை உள்ளே எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவந்து கொடுத்து, “எந்த ஊர், என்ன மாடு” என்று விசாரித்துவிட்டு அனுப்பினார். தோப்புக்குப் போட்டுப் போகாத புது ஷூ கொண்டுபோனால் இந்த நேரமும் மிச்சம்.

சாப்பாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகம் போனால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். நெய், பால்கோவா, தேன், கருவேப்பிலை, தேங்காய், பழம், விதை ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கம்பெனி பாக்கெட்டில் சீல் வைத்த மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடியை அறிவித்துவிட்டுக் கொண்டுபோனோம், விட்டார்கள். அரிசி, பருப்பு அங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கிறது.

மருந்துக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும். பயணக் காப்பீடு எடுங்கள். விபத்தில் அடிபட்டால் அங்கே பார்வையாளருக்கும் அரசுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும், ஆனால் காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் முழுச் செலவும் நம்முடையது.

9. திரும்பி வந்த பின்

வண்டி எடுக்கும்போது கார்டில் முடக்கிய முன்பணம் திரும்பச் சில வாரம் ஆகலாம். வண்டியை விடும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, அந்தப் பணம் வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். பேக்கேஜாக வாங்கியிருந்தாலோ, பெரிய தொகையை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தாலோ டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடித்திருப்பார்கள். அது போன பணம் அல்ல, வருமான வரி ரிட்டர்னில் காட்டித் திரும்ப வாங்கலாம். மொழிபெயர்த்த காகிதங்களையும் வில்லேஜ் ஆபீஸ் சான்றையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வீட்டிலிருந்து வேறு யாராவது கிளம்பினால் கர ரசீதை மட்டும் புதிதாக எடுத்தால் போதும்.